வலது இருக்கைக்கு யார் தகுதி?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நியூயார்க் நகரை ஒட்டியே இருக்கிறது டெட்டர்பரோ விமான நிலையம். வழக்கமான பயணிகள் விமானங்களுக்கு அங்கே வேலை இல்லை. தொழிலதிபர்களும் பிரபலங்களும் வந்துபோகும் தனி ஜெட் விமானங்களுக்கான இடம் அது. 2017 மே 15 அன்று பிற்பகல், பிலடெல்பியாவிலிருந்து, வாடகைக்குப் பறக்கும் லியர்ஜெட் 35ஏ ரக சார்ட்டர் விமானம் ஒன்று அங்கே திரும்பிக்கொண்டிருந்தது. பயணிகள் யாரும் இல்லை. கேப்டனும் துணை விமானியும் மட்டுமே இருந்தார்கள். காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் விமானத்தை ஓட்டியவர் துணை விமானி. அவருடைய நிறுவனம் தன் துணை விமானிகளைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரித்திருந்தது. அவர் இருந்தது பூஜ்யத்தில். நிறுவனத்தின் விதிப்படி அவர் கேப்டனுக்கு அருகில் அமர்ந்து உதவலாம்; விமானத்தை ஓட்டக் கூடாது.

ஒரு ஓடுபாதையை நோக்கி இறங்கி வந்து, பிறகு வளைந்து திரும்பி வேறொரு ஓடுபாதையில் தரையிறங்க வேண்டியிருந்தது. வளைய வேண்டிய இடத்தை விமானம் தாண்டிவிட்டது. எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டார்கள். கடைசிக் கட்டத்தில்தான் கட்டுப்பாடு கேப்டனின் கைக்கு மாறியது. துணை விமானி வேகத்தைப் பார்க்கும்படி எச்சரித்தார். தாழ்வான உயரத்தில் செங்குத்தாகச் சாய்த்துத் திருப்பப்பட்ட விமானம் மிதக்கும் திறனை இழந்து, ஓடுபாதையை எட்டும் முன்பே தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியில் விழுந்து எரிந்தது. இருவரும் உயிரிழந்தார்கள்.

அந்தத் துணை விமானி கற்றுக்குட்டி அல்ல. ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். அமெரிக்கச் சட்டம் அந்த இருக்கைக்குக் கேட்பதைப் போல நான்கு மடங்கு அது. சட்டத்தின் பார்வையில் தேவைக்கு மேல் தகுதி உள்ள ஒருவர், தன் நிறுவனத்தின் பார்வையில் பூஜ்யமாக இருந்திருக்கிறார். சார்ட்டர் ஜெட்டில் துணை விமானியாகச் சேர எவ்வளவு அனுபவம் வேண்டும் என்ற கேள்விக்கு இந்தத் துறை இன்றுவரை நேர்மையான பதில் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, சார்ட்டர் விமானங்களை 'பகுதி 135' என்ற விதித் தொகுப்பின் கீழ் நடத்துகிறது. பயணிகளை ஏற்றும் ஜெட் விமானத்தின் கேப்டனுக்கு ஏடிபி எனப்படும் மிக உயர்ந்த உரிமம் கட்டாயம். அதைப் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பக்கத்தில், வலது இருக்கையில் அமரும் துணை விமானிக்கோ வணிக விமானி உரிமமும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியும் இருந்தால் போதும். வணிக உரிமத்தை வழக்கமான வழியில் 250 மணி நேரத்தில் பெற்றுவிடலாம். அதோடு, ஓட்டப்போகும் ரகத்துக்கான பயிற்சியையும் தேர்வையும் முடிக்க வேண்டும். ஆக, ஒரே காக்பிட்டில் ஒரு கை தூரத்தில் இருக்கும் இரண்டு இருக்கைகளுக்கு இடையே 1,250 மணி நேர வித்தியாசத்தைச் சட்டம் அனுமதிக்கிறது.

நடைமுறையில் 250 மணி நேரத்தோடு போய் நிற்பவருக்குப் பெரும்பாலான சார்ட்டர் நிறுவனங்கள் கதவைத் திறப்பதில்லை. தடுப்பது அரசு அல்ல, காப்பீட்டு நிறுவனம். பல கோடி டாலர் மதிப்புள்ள விமானத்தையும் அதில் ஏறும் செல்வந்தர்களின் உயிரையும் காப்பீடு செய்பவர்கள், மொத்தம் இத்தனை மணி நேரம், இரட்டை எஞ்சினில் இத்தனை, அதே ரகத்தில் இத்தனை என்று தங்கள் நிபந்தனைகளைப் பாலிசியிலேயே எழுதிவிடுகிறார்கள். சார்ட்டர் நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் ஆர்கஸ், வைவர்ன் போன்ற தனியார் அமைப்புகளும் விமானிகளின் அனுபவத்தைப் பார்க்கின்றன. பெரிய வாடிக்கையாளர்கள் அந்தச் சான்றைக் கேட்கிறார்கள். வேலை விளம்பரத்தில் காணும் எண் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஆள் பற்றாக்குறை வந்தால் அது இறங்குகிறது. ஆள் மலிந்தால் ஏறுகிறது. ஒரு மனிதரின் திறமை சந்தை நிலவரத்தைப் பொறுத்து ஏறி இறங்காது. இந்த எண்ணை மட்டும் பாதுகாப்பின் அளவுகோலாக நம்புவது தவறு.

மணிக்கணக்கு எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உரிமம் வாங்கிய பெரும்பாலான அமெரிக்க இளைஞர்கள் முதலில் பயிற்றுநர்களாகிறார்கள். செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் மாணவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து, ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சிலர் எண்ணெய்க் குழாய்கள் மீது தாழப் பறந்து கசிவு பார்க்கிறார்கள். சிலர் விளம்பரப் பதாகை இழுக்கிறார்கள். சிலர் பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். இன்னும் சிலர் சரக்கு விமானத்தில், இரவில், தனி ஆளாக, பனியிலும் மழையிலும் கருவிகளை நம்பிப் பறக்கிறார்கள். லாக் புக்கில் எல்லாமே 'மணி நேரம்' என்றுதான் பதிவாகும். வெயில் நாளில் கடற்கரையோரம் பதாகை இழுத்த 800 மணி நேரமும், நள்ளிரவில் உறைபனி மேகத்துக்குள் சரக்கு கொண்டுபோன 800 மணி நேரமும் ஒரே எடை பெறுவது எந்த வகையில் நியாயம்?

பயிற்றுநராகக் கழித்த நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் சரியல்ல. மாணவர் செய்யப்போகும் பிழையை முன்கூட்டியே உணர்ந்து, தக்க நொடியில் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளும் பழக்கம் அதில்தான் வருகிறது. இரண்டு பேர் ஓட்டும் ஜெட்டுக்கு மிகவும் வேண்டிய பழக்கமும் அதுவே. ஆனால் செஸ்னா தரையிறங்க வரும் வேகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் லியர்ஜெட் வரும். யோசிக்கக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். விமானம் ஓரிடத்தில் இருக்க, விமானியின் மனம் அதற்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும் நிலையை எல்லாப் புதிய ஜெட் விமானிகளும் கடந்தே ஆக வேண்டும். அதைச் சிமுலேட்டரிலும் அனுபவசாலியின் கண்காணிப்பிலும் கடப்பதா, கண்காணிப்பே இல்லாத காலி விமானத்தில் கடப்பதா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

சார்ட்டர் துணை விமானியின் வேலை வெளியே தெரியும் அளவுக்கு எளிதல்ல. அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனத்தில் வானிலை, எரிபொருள், மாற்று விமான நிலையம் ஆகியவற்றைக் கேப்டனோடு சேர்ந்து திட்டமிட்டுப் பொறுப்பேற்க உரிமம் பெற்ற டிஸ்பாட்சர் இருப்பார். பெட்டி ஏற்ற ஒருவர், உணவு கொண்டுவர ஒருவர், கதவு மூட ஒருவர் என ஆட்கள் இருப்பார்கள். சிறிய சார்ட்டர் நிறுவனத்தில் இதில் பாதிக்கு மேல் துணை விமானியின் தலையில் விழும். பயணியின் கோல்ஃப் பையை வாங்கி அடுக்குவார், காபியும் ஐஸ் கட்டியும் வந்துவிட்டனவா என்று பார்ப்பார், எரிபொருள் ரசீதைச் சரிபார்ப்பார், எடையும் சமநிலையும் கணக்கிடுவார், பயணம் முடிந்ததும் கேபினைச் சுத்தம் செய்வார். நேற்று ஃபுளோரிடா, இன்று கொலராடோ, நாளை எங்கே என்பது இரவு போன் வந்தால்தான் தெரியும். கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத சிறு விமான நிலையங்கள், நீளம் குறைந்த ஓடுபாதைகள், மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் வழிகள் எல்லாம் அன்றாடம். ஒரு விமான நிறுவனத்தின் துணை விமானி அதே பத்துப் பதினைந்து ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் வரும்போது, சார்ட்டர் துணை விமானி பல நாட்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கும் ஓடுபாதையில் இறங்குகிறார்.

இதோடு பயணியின் அழுத்தமும் சேரும். 2001 மார்ச் 29 அன்று கொலராடோவின் ஆஸ்பென் நகருக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ரக சார்ட்டர் விமானம் ஒன்று போனது. புறப்படவே தாமதம். அந்த மலை விமான நிலையத்தில் இருட்டிய பிறகு இறங்கக் கட்டுப்பாடு இருந்தது. பனியும் இருளும் சூழ, ஓடுபாதை கண்ணில் படாமலே அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கிய விமானம் மலைச்சரிவில் மோதியது. 15 பயணிகளும் 3 ஊழியர்களுமாக 18 பேர் இறந்தார்கள். விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, எப்படியாவது இறங்கியாக வேண்டும் என வாடிக்கையாளர் தரப்பிலிருந்து கேப்டனுக்கு வந்த அழுத்தத்தையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. இறங்க வேண்டாம், மேலே ஏறிவிடலாம் என்று உரக்கச் சொல்லும் துணிவுள்ள இரண்டாவது ஆள் வேண்டியிருப்பது இப்படிப்பட்ட இரவுகளுக்குத்தான். அந்தத் துணிவு எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அப்படியானால் குறைந்தபட்ச எண்ணைத் தூக்கிவிட்டால் போதாதா? அமெரிக்கா ஒரு தடவை அதைச் செய்து பார்த்திருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். உறவுகளை இழந்த குடும்பங்களின் இடைவிடாத போராட்டத்தின் பயனாக 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் விமான நிறுவனங்களில் துணை விமானிக்கும் ஏடிபி உரிமம் கட்டாயமானது. பொதுவாக 1,500 மணி நேரம். ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு 750, விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 எனச் சலுகைகளும் உண்டு. கோல்கன் விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் என்பது கவனிக்க வேண்டிய உண்மை. விபத்து அறிக்கை பேசியது களைப்பு, பயிற்சி, விமானம் மிதக்கும் திறனை இழக்கப்போவதைச் சொல்லும் ஸ்டால் எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை காட்டியது, வேகத்தைக் கண்காணிக்கத் தவறியது ஆகியவற்றைப் பற்றி. அந்தச் சட்டம் களைப்பு, பயிற்சி, பழைய பதிவுகள் குறித்தும் பல நல்ல மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஆனால் மக்கள் மனதில் நின்றது 1,500 என்ற எண் ஒன்றுதான்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே 200 மணி நேரத்தில் வணிக விமானி உரிமம் கிடைக்கிறது. அந்த உரிமத்தோடும் ரகப் பயிற்சியோடும் நேரடியாக ஏர்பஸ் ஏ320இன் வலது இருக்கையில் அமர்பவர்கள் நாள்தோறும் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே வழிதான். 2006இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த எம்பிஎல் என்ற உரிமமோ, தொடக்கம் முதலே இரண்டு பேர் இயக்கும் காக்பிட்டை மனதில் வைத்து, பயிற்சியின் பெரும்பகுதியைச் சிமுலேட்டரில் நடத்துகிறது. குறைந்த மணிக்கணக்கு என்பதே ஆபத்து என்றால் இவை எல்லாம் நடந்திருக்க முடியாது. இந்த இளைஞர்களைத் தாங்கிப் பிடிப்பது அவர்கள் கொண்டுவந்த மணிக்கணக்கு அல்ல. அவர்களைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் ஏற்பாடு. தேர்ந்தெடுத்த பயிற்றுநர் கேப்டன்கள், ஒவ்வொரு தரையிறக்கத்தையும் அலசும் தரவுப் பதிவு, எந்த வானிலையில் எந்தத் தரையிறக்கம் கேப்டனுக்கு மட்டும் உரியது என்ற எழுத்துபூர்வமான எல்லை எல்லாம் அதில் உண்டு.

அமெரிக்காவின் விமான நிறுவன விதிகளிலும் இத்தகைய ஏற்பாடு இருக்கிறது. புதிய துணை விமானி, பயணிகளோடு போகும் விமானத்தில் பயிற்றுநர் கேப்டனின் கண்காணிப்பில் குறிப்பிட்ட மணி நேரம் பறந்து தேற வேண்டும். அதன் பிறகும், அந்த ரகத்தில் 100 மணி நேரம் முடிக்காதவர் அருகில் இருக்கும்போது, பார்வைத் தொலைவு குறைந்தாலோ, ஓடுபாதையில் பனியோ நீரோ தேங்கியிருந்தாலோ, பக்கவாட்டுக் காற்று 15 நாட் வேகத்தைத் தாண்டினாலோ பயிற்றுநர் அல்லாத கேப்டன் தானே விமானத்தை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். அந்த ரகத்துக்கு இருவருமே புதியவர்களாக இருக்கும்படி ஜோடி சேர்க்கவும் தடை உண்டு.

எல்லாச் சார்ட்டர் ஜெட்களையும் ஒரே போலக் கட்டுப்படுத்தும் இப்படியொரு விதி இல்லை. டெட்டர்பரோ விபத்தில் சம்பந்தப்பட்ட நிறுவனம் பூஜ்யம் முதல் நான்கு வரையிலான ஏணியைத் தானாகவே அமைத்திருந்தது. யோசனை அருமையானது. அதை யாரும் காக்கவில்லை. அன்றைய பயணத்தில் பயணிகள் இல்லாததால் சார்ட்டருக்கான கடுமையான விதிகள் கூட அதற்குப் பொருந்தவில்லை; சொந்தமாக விமானம் வைத்திருப்பவர் பறப்பதற்கான பொது விதிகளின் கீழ்தான் அது பறந்தது. கேப்டன் தன் வேலையான கண்காணிப்பை விட்டுவிட்டு, ஓட்டக் கூடாதவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். இருவருமே பயிற்சிக் காலத்தில் தடுமாறியவர்கள் என்பதும் விசாரணையில் தெரிந்தது. விமானிகள் விதியை மீறுவதைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு நிறுவனத்திடம் இல்லை என என்டிஎஸ்பி பதிவு செய்தது.

வேலைக்கு எடுக்கும்போதே தவறு நடந்த இடமும் உண்டு. 2015 நவம்பர் 10 அன்று ஒஹையோ மாநிலத்தின் டேட்டனிலிருந்து ஏக்ரனுக்குப் போன ஹாக்கர் 125-700 ரகச் சார்ட்டர் ஜெட், தரையிறங்கும் நேரத்தில் வேகம் இழந்து ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மீது விழுந்தது. விமானிகள் இருவரும் பயணிகள் ஏழு பேரும் இறந்தார்கள். பயணிகளோடு போகும்போது கேப்டன் ஓட்டுவதுதான் அந்த நிறுவனத்தின் வழக்கம். அன்று ஓட்டியவர் துணை விமானி. முந்தைய நிறுவனத்தில் போயிங் 737 பயிற்சியில் தேறாததால் வேலையிழந்தவர் அவர். கேப்டனும் முந்தைய வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். இருவருக்கும் மணிக்கணக்கில் குறை இல்லை. அவர்களுடைய பழைய பதிவுகளை எடுத்து வைத்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். வேகம் குறைவது தெரிந்தும் கேப்டன் கட்டுப்பாட்டை வாங்கவில்லை. வேலைக்கு எடுத்த விதம், பயிற்சி, மேற்பார்வை மூன்றும் போதாமல் இருந்ததை என்டிஎஸ்பி காரணமாகச் சொன்னது. விமானிகளின் பதிவுகளை முந்தைய நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் சட்டம் அமெரிக்காவில் 1996 முதல் இருக்கிறது. இப்போது அதற்கென மின்னணுத் தரவுத்தளமும் வந்துவிட்டது. வந்த பதிவைப் படிக்கும் அக்கறையைத் தரவுத்தளம் தந்துவிடாது.

மணிக்கணக்கு ஏற ஏற ஒழுங்கும் ஏறும் என்ற நம்பிக்கையை உடைத்த விபத்து, 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் நடந்தது. அது சார்ட்டர் அல்ல, உரிமையாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கான கல்ஃப்ஸ்ட்ரீம் 4. இரண்டு விமானிகளும் பல ஆண்டுகள் ஒன்றாகப் பறந்த மூத்தவர்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது விமானத்தின் கட்டுப்பாடுகள் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்தபடியே ஓடுபாதையில் வேகமெடுத்தார்கள். விமானம் மேலெழவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும் முன் கட்டுப்பாடுகளை முழுதாக அசைத்துப் பார்க்கும் சோதனையை, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அவர்கள் செய்யவில்லை என விமானத்தின் தரவுப் பதிவு காட்டியது. ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, சோதனையை விட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை மட்டுமே.

இந்த விபத்துகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், துணை விமானிக்கு வேண்டிய அனுபவம் என்ன என்பது புலப்படும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் உண்மையான பழக்கம் முதலில் வேண்டும். அதில் கணிசமான பங்கு நிஜ மேகத்துக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும். தெரியாத ஊர்களுக்குத் தானே முடிவெடுத்துப் பறந்திருக்க வேண்டும். ஒருமுறையாவது வானிலையைப் பார்த்துத் திரும்பி வந்த முடிவு அதில் இருந்தால் அது பெரிய தகுதி. இரட்டை எஞ்சின் பரிச்சயம் வேண்டும். இவை லாக் புக்கில் எழுத்தாகத் தெரிபவை. எழுத்தில் தெரியாத ஒன்றும் உண்டு. தன்னைவிட மூத்தவர் தவறும்போது மரியாதை குறையாமல், ஆனால் தெளிவாக, "மேலே ஏறுங்கள்" என்று சொல்லும் திறன் அது.

அமெரிக்கச் சார்ட்டர் உலகில் இது கூடுதலாக முக்கியம். விமான நிறுவனங்களில் விமானிகள் 65 வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும். பெரும்பாலான சார்ட்டர் நிறுவனங்களின் உள்நாட்டுப் பயணங்களுக்கு அந்த வரம்பு இல்லை. நாற்பது ஆண்டு பறந்த கேப்டனுக்குப் பக்கத்தில் இருபத்து நான்கு வயது இளைஞர் அமர்வது அங்கே சாதாரணம். அவருடைய அடுத்த வேலைக்கான பரிந்துரையும் அந்தக் கேப்டனின் கையில் இருக்கக்கூடும். காக்பிட்டில் ஒருவரோடு ஒருவர் பேசி இயங்கும் முறைக்கான சிஆர்எம் பயிற்சி, சார்ட்டர் நிறுவனங்கள் அனைத்துக்கும் கட்டாயமானது 2013இல்தான். விமான நிறுவனங்கள் பல ஆண்டுகள் முன்பே அதற்குப் போய்விட்டன. ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதோடு அந்தப் பயிற்சி முடிந்துவிடக் கூடாது. நேர்முகத் தேர்விலேயே சிமுலேட்டரில் ஒரு கேப்டனை வேண்டுமென்றே தவறாக ஓட்டவைத்து, இளைஞர் எந்த நொடியில் வாய் திறக்கிறார் என்று பார்க்கலாம். நூறு மணி நேரக் கணக்கைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லும்.

இளைஞர்கள் பக்கம் நடக்கும் அநியாயமும் பேசப்பட வேண்டும். செஸ்னா சைட்டேஷன் வரிசையில் சிலவும் எம்ப்ரேயர் ஃபீனம் 300ம் ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்றவை. வாடிக்கையாளருக்காகவோ காப்பீட்டுக்காகவோ இரண்டாவது ஆளை உட்காரவைக்கிறார்கள். விமானத்துக்கோ பயணத்துக்கோ சட்டப்படி இரண்டாவது விமானி தேவை இல்லாதபோது, அங்கே கழித்த நேரத்தைப் பதிவு செய்யும் உரிமை கேள்விக்குரியதாகிவிடும். மாதக்கணக்கில் வேலை செய்த பிறகு அந்த மணி நேரம் செல்லாது என்று அடுத்த நிறுவனம் சொல்வதைக் கேட்டவர்கள் உண்டு. 2018இல் எஃப்ஏஏ ஒரு நல்ல வழியைத் திறந்தது. அனுமதி பெற்ற மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் நிறுவனங்களில், இப்படிப்பட்ட விமானங்களிலும் துணை விமானி நேரத்தைப் பதிவு செய்யலாம். அதற்கு ஈடாக நிறுவனம் முறையான பயிற்சியும் கண்காணிப்பும் தர வேண்டும். மணி நேரத்தையும் பயிற்சியையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட விதி அது. மற்ற விதிகளுக்கு அதுவே முன்மாதிரியாக வேண்டும்.

ரகப் பயிற்சிக்கான செலவை இளைஞர் தலையில் கட்டுவது இன்னொரு கொடுமை. ஜெட் ஒன்றின் டைப் ரேட்டிங் பல ஆயிரம் டாலர் பிடிக்கும். சில நிறுவனங்கள் அதைக் கொடுத்துவிட்டு ஓராண்டோ இரண்டாண்டோ விலகக் கூடாது என ஒப்பந்தம் எழுதுகின்றன. கொரோனாவுக்குப் பிறகு தனி ஜெட்டுகளுக்குத் தேவை பெருகியதும், விமான நிறுவனங்கள் சம்பளத்தை உயர்த்தி விமானிகளை இழுத்ததும் ஒரே காலத்தில் நடந்தன. பயிற்சி தந்தவுடன் ஆள் போய்விடுகிறார் என்ற சார்ட்டர் நிறுவனங்களின் வேதனையில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் அதற்கு ஒரு பதில்தான். ஆனால் பணம் கட்டி வலது இருக்கையை வாங்க வைக்கும் நிறுவனம், தேர்வின் பொருளையே குலைக்கிறது. அங்கே உட்காருபவர் பணம் கொடுத்த வாடிக்கையாளராகிவிடுகிறார். அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லும் மனம் நிறுவனத்துக்கு வராது. தவறைக் கண்டு வாய் திறக்கும் துணிவு கடனில் இருக்கும் அவருக்கும் வராது.

சிறிய நிறுவனங்கள் இந்த ஏற்பாடுகளையெல்லாம் தாங்காது என்ற எதிர்வாதம் எப்போதும் எழும். இரண்டு மூன்று விமானங்களோடு நடக்கும் குடும்பத் தொழில்கள் அமெரிக்காவில் ஏராளம். அவற்றுக்கு விமான நிறுவனத்தின் பயிற்சித் துறையைக் கேட்க முடியாதுதான். ஆனால் தரம் பிரிக்கும் ஏணிக்குத் தேவை ஒரு தாளும் நேர்மையும். பறப்புத் தரவைப் பதிவு செய்து ஆராயும் கருவிகள் இப்போது சிறு ஜெட்டுகளுக்கும் கிடைக்கின்றன. ஏக்ரன் விபத்துக்குப் பிறகு அவற்றைச் சார்ட்டர் விமானங்களுக்கும் கட்டாயமாக்கும்படி என்டிஎஸ்பி பரிந்துரைத்தது; 2019இல் வெளியிட்ட தன் முக்கியக் கோரிக்கைப் பட்டியலிலும் சார்ட்டர் பாதுகாப்பைச் சேர்த்தது. ஒரு பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் வாங்கும் தொழில், தன் விமானிகள் எப்படிப் பறக்கிறார்கள் என்று பார்க்கும் செலவைத் தாங்காது என்பதை ஏற்க முடியாது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வலது இருக்கைக்கான குறைந்தபட்சத் தகுதியை 250 என்ற ஒற்றை எண்ணாக விடாமல், கருவிப் பறப்பு, இரவு, தொலைப் பயணம், இரட்டை எஞ்சின் என்று உள்ளடக்கத்தால் எழுத வேண்டும். அந்த ரகத்தில் முதல் 100 மணி நேரத்துக்கு விமான நிறுவனங்களில் உள்ள வானிலை எல்லைகளைச் சார்ட்டர் ஜெட்டுகளுக்கும் கொண்டுவர வேண்டும். பயணி இல்லாத காலிப் பயணத்துக்கும் அதே எல்லை பொருந்த வேண்டும். புதியவர் கற்றுக்கொள்ள வாய்ப்பான அந்தப் பயணங்களில் பக்கத்தில் இருப்பவர் கற்றுக்கொடுக்க அனுமதி பெற்ற கேப்டனாக இருக்க வேண்டும். டைப் ரேட்டிங் செலவை வேலை கேட்டு வருபவரிடம் வாங்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பல லட்சம் ரூபாய் கடன் வாங்கி அமெரிக்காவில் பறக்கக் கற்றுக்கொண்டு, இந்திய உரிமத்துக்கு மாறித் திரும்பி வருகிறார்கள். இந்தியாவிலும் அட்டவணை இல்லாத விமான சேவை என்ற பெயரில் சார்ட்டர் நிறுவனங்கள் இருக்கின்றன; பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்காதபோது பலரும் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். முதல் நூறு மணி நேரத்தில் பக்கத்தில் அமரப்போகும் கேப்டன் யார், அவர் பயிற்றுநரா? எந்தக் காற்றில், எந்த ஓடுபாதையில் புதியவர் இறக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறதா? தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறிய விமானியிடம் நிறுவனம் விளக்கம் கேட்குமா, கேட்காதா? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் கிடைக்கும் மணி நேரம் எத்தனை ஆனாலும் அது ஆபத்தான சம்பாத்தியம்.

அமெரிக்காவில் எஃப்ஏஏ 2024இல் வெளியிட்ட விதியின்படி, சார்ட்டர் நிறுவனங்கள் எல்லாம் 2027 மே மாதத்துக்குள் எஸ்எம்எஸ் எனப்படும் பாதுகாப்பு மேலாண்மை முறையைக் கொண்டுவந்தாக வேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று நிறுவனமே தேடிக் கண்டுபிடித்து, பதிவு செய்து, சரிசெய்ததைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கோப்பில் முதல் பக்கமாகத் துணை விமானிகளின் ஏணி இடம்பெற வேண்டும். யார் எந்தப் படியில் இருக்கிறார், அவரை ஏற்றிவிட்டவர் யார், கடந்த மாதம் எந்தப் பயணத்தில் அந்த எல்லை மீறப்பட்டது, அதற்கு என்ன செய்தார்கள் என்பவற்றை ஆய்வுக்கு வரும் எஃப்ஏஏ அதிகாரி கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் மொத்த மணி நேரத்துக்குப் பதிலாக அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பிரீமியத்தை நிர்ணயிக்கத் தொடங்கினால், சார்ட்டர் முதலாளிகள் அந்த ஏணியைக் காப்பாற்றத் தாங்களே முன்வருவார்கள்.